என் கார்டில் உள்ளே போனவள்

கிருஷ்ணகிரி,
வெள்ளிக்கிழமை மதியம்.

இயேசுவில் அன்பான அனிட்டா அக்காவுக்கு, தங்கை லிபியா எழுதுவது.

சாமல்பட்டியில் அப்பா, அம்மா, எட்சன் அண்ணன் வீட்டில் எல்லோரும் சுகம். ஜார்க்கண்டில் உங்கள் மடத்தில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நீங்கள் சிஸ்டர் ஆன அன்றே இனிமேல் மரியாதை கொடுத்துத்தான் பேச வேண்டும் என்று அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அதை மறக்கவில்லை. நடுவில் எங்காவது 'நீ' என்று வந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், மனசு ஒரு நிலையில் இல்லை.

உங்கள் ஊரில் சிக்னல் கிடைத்தாலும் அரை நிமிடத்தில் அறுந்துபோகிறது. இது அரை நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால்தான் பெரியாஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கம்பெனி வெடித்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். டிவியில் புகைதான் தெரியும். காலை பத்தேகாலுக்கு ரசாயனம் காய்ச்சும் ரியாக்டர் வெடித்ததும் மூன்று மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. மேல்கூரைத் தகரங்களை அரை கிலோமீட்டர் தள்ளித் தக்காளித் தோட்டத்தில் பொறுக்கினார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகாவில்கூட ஜன்னல் கண்ணாடி நொறுங்கியதாம். ஓசூரில் நாங்கள் இருக்கும் லைன் வீட்டில் கதவு தாழ்ப்பாள் பிய்ந்து தொங்குகிறது.

நேற்றிலிருந்து இந்த ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பீகார், ஒடிசாவிலிருந்து ரயிலேறி வந்தவர்கள் போனில் பிள்ளைகளின் போட்டோவை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் காட்டுகிறார்கள். பாஷை தெரியாது, போட்டோவை மட்டும் நீட்டுகிறார்கள். உள்ளே இருக்கும் உடல்களோ போட்டோவை வைத்துக் கண்டுபிடிக்கிற நிலையில் இல்லை. பெற்றவர்களின் ரத்தத்தை எடுத்துப் பரிசோதித்துத்தான் யார் எது என்று சொல்ல முடியும் என்கிறார்கள்.

நான் அன்று லீவு போட்டுவிட்டு அண்ணன் மகளின் புதுநன்மைப் பூசைக்குப் போனதால் பிழைத்தேன் என்று அம்மா உங்களிடம் சொல்லியிருப்பாள். அக்கா, நான் லீவு போடவில்லை.

எங்கள் காண்ட்ராக்டரிடம் ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டால் மறுநாள் கேட்டிலேயே நிறுத்திவிடுவான். அதனால் பெண்கள் நாங்கள் எங்களுக்குள் கார்டை மாற்றிக்கொள்வோம். பக்கத்து அறையில் இருக்கும் ரேவதிக்கு ஊரில் மாரியம்மன் பண்டிகை வந்தால் அவள் கார்டில் நான் போவேன். கிறிஸ்மஸ், ஈஸ்டருக்கு என் கார்டில் அவள் போவாள். தொப்பியும் மாஸ்க்கும் போட்டால் நாங்கள் எல்லோரும் ஒரே முகம்தான். கார்டைத் தேய்த்தால் கேட் திறக்கும், அவ்வளவுதான் கம்பெனிக்கு வேண்டும். ஞாயிறு ரேவதிக்கு வார விடுமுறை. துணி துவைக்க ஊற வைத்திருந்தவள், நான் கெஞ்சியதற்காக என் கார்டை வாங்கிக்கொண்டு போனாள். அந்த ஷிப்டுக்கு சூப்பர்வைசர் என் வீட்டுக்காரர் ரோஷன். அவருக்கும் தெரியும்.

கேட்டில் கார்டு தேய்த்த பதிவை வைத்துப் போட்ட செத்தவர்கள் பட்டியலில் ஏழாவது பெயராக 'லிபியா' என்று வந்தபோது அண்ணன் வீட்டில் பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தோம். அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அப்பா சிரிக்கவும் செய்தார், அழவும் செய்தார். சாமியார் என் தலையில் கை வைத்து ஜெபித்தார். நான் இங்கே இருக்கிறேன், இங்கே இருக்கிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அப்படியென்றால் அங்கே யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அந்த நொடியே தெரியும் அக்கா. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

ரோஷன் அந்த நேரம் கேட்டில் லாரிக்கு எடை போடப் போயிருந்ததால் தப்பினார். இடது காது கேட்கவில்லை. அவரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். நெருப்புக்குள் திரும்ப ஓடி இரண்டு பேரைத் தூக்கி வந்தவர். ஆனால் தாசில்தார் கேட்டபோது, லிபியா லீவு, கேட் மெஷின் தப்பாகப் பதிந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பட்டியலில் என் பெயரை அடித்தார்கள். ரேவதி பெயர் எதிலும் இல்லை. யாரும் கேட்டு வராத உடல் ஒன்று மட்டும் மிச்சம் நின்றது. யாரோ வடக்கத்தி ஆள், சனிக்கிழமை அரசாங்கமே அடக்கம் பண்ணிவிடும் என்று பேசிக்கொண்டார்கள்.

நான் உண்மையைச் சொன்னால் முதலில் தன்னைத்தான் போலீஸ் பிடிக்கும் என்றார் ரோஷன். செத்தவள் திரும்பி வரப்போகிறாளா என்றும் கேட்டார்.

ரேவதியின் அப்பா நாராயணப்பன் கல்லாவிப் பக்கம் கேழ்வரகும் துவரையும் போடுகிற மனுஷர். மகள் போன் எடுக்கவில்லை என்று திங்கட்கிழமையே வந்துவிட்டார். கம்பெனி ரிஜிஸ்டரில் அன்று ரேவதி வரவே இல்லை என்று ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்க மறுத்துவிட்டார்கள். போலீசில் போய்ச் சொன்னால், பெண்ணுக்கு யாருடனாவது பழக்கம் உண்டா என்று கேட்டார்களாம். இரண்டு நாளில் ரேவதி எவனோடோ ஓடிவிட்டாள் என்று லைன் வீடு முழுக்கப் பேச்சு. அவளைப் பற்றி அப்படிப் பேச எப்படித்தான் நாக்கு வந்ததோ. ஆனால் என்னை விடவா அவர்கள் மோசம்? செவ்வாய்க்கிழமை அவர் என் வீட்டுக்கே வந்து, உன்னிடம் ஏதாவது சொன்னாளா என்று கேட்டார். டீ போட்டுக் கொடுத்து, தெரியாதுங்க அப்பா என்றேன். அவர் அந்த டீயைக் குடித்துவிட்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று காலை ரோஷனிடம், 'ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்' என்று மட்டும் சொன்னேன். அவர் பைக்கில் கொண்டுவந்து ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

இதே பெஞ்சில்தான் நாராயணப்பன் உட்கார்ந்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவர் நகர்ந்து எனக்குப் பெஞ்சில் இடம் விட்டார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஓடிப்போயிட்டான்னு ஊரே பேசுச்சு கண்ணு. எல்லாருக்கும் முன்னால தலையத் தொங்கப் போட்டுக்கினேன். ஆனா உள்ளுக்குள்ள சந்தோசமா இருந்துச்சு. எங்கனா ஒரு ஊர்ல நல்லா இருக்கான்னு நெனச்சுக்கினு இருந்தேன்."

அவள் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று ஓடி வந்தவள் நான். அவர் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கிளையையும் வெட்டிவிட்டேன். சொல்லாமல் இருந்திருந்தாலும் பாவம்தான், எனக்குத் தெரியும். ஆனால் சொன்னால் மனசு லேசாகும் என்பார்களே, அது பொய் அக்கா.

தாசில்தாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை அடக்கத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ரோஷனை இன்று காலை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அண்ணன் போனில் சொன்னான். போகும்போது எனக்கு ஏதாவது சொல்லச் சொன்னாரா என்று கேட்டேன். அண்ணன் பேச்சை மாற்றிவிட்டான்.

சற்று முன்புதான் நாராயணப்பனுக்கு ரத்தம் எடுத்தார்கள். வெளியே வந்து பஞ்சை அழுத்திக்கொண்டே ஒன்று கேட்டார். ரேவதியின் அம்மா ருக்மணிக்கு இன்னும் எதுவும் தெரியாதாம். மகள் என்றைக்காவது மாலையும் கழுத்துமாக வந்து நிற்பாள், திட்டாமல் உள்ளே கூப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். தன் வாயால் சொல்ல முடியாது, நீயே வந்து சொல்லம்மா என்றார். சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

மடத்தில் எனக்காக நன்றிப் பூசை வைக்கப் போகிறீர்கள் என்று அம்மா சொன்னாள். வேண்டாம் அக்கா. அந்தப் பூசையை ரேவதிக்கு வையுங்கள். வேற்று மதத்துப் பெண்ணுக்கு எதற்கு என்று மதர் கேட்டால், என் தங்கை இடத்தில் செத்தவள் என்று சொல்லுங்கள்.

கல்லாவி பஸ் மூன்றரைக்கு. போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகும். வண்டி கொஞ்சம் தாமதமாக வரட்டும் என்று ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் போய்ச் சேரும்வரை அந்த அம்மாவுக்கு மகள் இருக்கிறாள்.

ஆண்டவர் உங்களோடு இருக்கட்டும். எனக்காக அல்ல, அந்த அம்மாவுக்காக ஜெபம் செய்யுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
லிபியா