மூன்றாம் சரணம்

அக். 29
காலையிலிருந்து விடாத தூறல். திருவொற்றியூர் ஹைரோட்டில் முழங்கால் தண்ணீர். கடைக்குச் சரக்கு வரவில்லை. வாங்க: தார்ப்பாய், பி.பி. மாத்திரை. முடிக்க: எஸ்தர் கல்லறைக்குக் கல். அவள் போய் ஐந்து மாதம். நவ. 2 கல்லறைத் திருநாளுக்குள் பதிக்க வேண்டும். பெயருக்குக் கீழே என்ன வரி என்று கல் வெட்டுகிறவர் மறுபடி போன். எல்லாரும் வேத வசனம் போடுகிறார்கள். எஸ்தருக்கு, சாவு வீட்டில் பாடுகிற உபதேசியார் பாட்டிலிருந்துதான். எந்த வரி? மனைவிக்குப் பிடித்த வரி தெரியாத புருஷன்.

அக். 30
அவள் பாட்டுப் புத்தகத்தை எடுத்தேன். உபதேசியார் பாட்டு இருந்த பக்கம் கழன்று கையோடு வந்தது. மூன்றாம் சரணத்தின் ஓரத்தில் பென்சில் கோடு.

அது யாரும் பாடாத சரணம். கோயிலில் பாதிரி ஐயர் எப்போதும் 'ஒன்று, இரண்டு, நான்கு' என்றுதான் அறிவிப்பார். மூன்று சேர்ந்தால் நேரமாகுமாம். பிரேதம் எடுக்கும்போது வீட்டு வாசலிலும் அதே கணக்கு. எஸ்தருக்கும் அப்படித்தான்.

பாட்டின் கதை மட்டும் வருஷா வருஷம் பிரசங்கத்தில் உண்டு. அந்தக் காலத்தில் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய சனங்களுக்கு வேதம் சொல்லிக்கொடுத்தவர் உபதேசியார். பேதியில் மகன் போனான். புதைத்துவிட்டு வந்த சாயங்காலமே எழுதினாராம். விசுவாசத்தைப் பாருங்கள் என்பார் ஐயர். விசுவாசமெல்லாம் நான்காவதில். மூன்றாவதில் மனுஷன் ஆண்டவரிடம் சண்டை போட்டிருக்கிறார்: 'நீர் தந்த பிள்ளையை நீரே எடுத்தீர், வெறுங்கையை எப்படிக் குவிப்பேன்.'

எங்கள் மூத்தவன் பதினோரு நாள் இருந்தான். அதற்கப்புறம் அவன் பேச்சையே நான் எடுக்கவிடவில்லை. அவள் அழுதால் எழுந்து கடைக்குப் போய்விடுவேன்.

அக். 31
மூலக்கொத்தளம் கல்லறைத் தோட்டம். ஒரே சேறு. குழி வெட்டும் மாரி கல்லுக்கு அளவெடுத்தார். பிள்ளையின் குழியைத் திறந்து எஸ்தரை வைத்தவர் அவர்தான். வரி சரியா என்று சும்மா படித்துக் காட்டினேன். அடுத்த வரியை அவர் சொன்னார். கிறிஸ்தவர்கூட இல்லை.

"அம்மா வருசா வருசம் வரும் நைனா. கொழந்தைகிட்ட குந்திகினு அதையே பாடும். கேட்டுக் கேட்டு எனக்கே வந்துடுச்சு. நீ இன்னாத்துக்கு வரலன்னு கேட்டா, கடையில கூட்டம்னு சொல்லும்."

கல்லறைத் திருநாளன்று நாங்கள் மதியமே கடை சாத்திவிடுவோம். தலைவலி என்று நான் படுத்திருப்பேன். என்னை விட்டுக்கொடுக்காமல் முப்பது வருஷம் பொய் சொல்லியிருக்கிறாள், பாவி மகள். 

நவ. 1
நாளை கல்லறையில் மூன்றாவதும் பாடலாமா என்று ஐயரிடம் கேட்டேன். மற்றக் குடும்பங்கள் காத்திருக்குமே என்றார். நியாயம்தான். கோபமும் வந்தது. சாமியைக் கோவிச்சுக்கிற மாதிரி இருக்கே, இதையா வெட்ட என்று கேட்டார் கல் வெட்டுகிறவர். வெட்டுங்கள் என்றேன்.

நவ. 2
மழை இல்லை. புதுக் கல்லின் மேல் காற்றில் மெழுகுவர்த்தி நிற்கவில்லை. ஐயர் வந்தார். ஒன்று, இரண்டு, நான்கு. ஜெபம். அடுத்த கல்லறைக்குப் போய்விட்டார்.

பிறகு நான் தனியாக மூன்றாவதை எடுத்தேன். ராகம் எங்கேயோ போயிற்று. 'பிள்ளை' வரைக்கும் வந்தேன். அதற்குமேல் முடியவில்லை. மாரி மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு மீதியைப் பாடினார்.