நூறாவது நாளும் உன் வலது தோளும்

மச்சான்,

இன்று காலை கரையான்சாவடியில் பஸ் ஏறினேன். பக்கத்தில் நின்றவர் மேலெல்லாம் வலித்தைல வாசனை. இடது கையால் வலது கையைத் தூக்கிக் கம்பியில் மாட்டினார். நீயும் இப்படித்தான் மாட்டுவாய். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன்.

நம் அம்பத்தூர் கம்பெனி வாசலில் விபத்தில்லாத நாட்களைக் காட்டும் பலகை இருந்ததே, தினமும் அதில் எண்ணை மாற்றி எழுதியவன் நான். தொண்ணூற்றாறு எழுதிய அன்றுதான் ஸ்டோர் ரூம் ஏணியிலிருந்து நீ கையூன்றி விழுந்தாய். அங்கே நம் இருவரைத் தவிர யாரும் இல்லை. நீ தோளைப் பிடித்துக்கொண்டு முனகுகிறாய், எனக்கு அந்தப் பலகைதான் கண்ணில் நின்றது. விஷயம் வெளியே வந்தால் மறுநாள் பூஜ்யம் எழுத வேண்டும்.

"யாராண்டயும் சொல்லாத மச்சான். இன்னும் நாலு நாள்தான் கீது," என்றேன். சுளுக்குதான், சரியாகிவிடும் என்று நீ எனக்குச் சமாதானம் சொன்னாய். நூறாவது நாள் எல்லோருக்கும் ஹாட் பாக்ஸ் கொடுத்தார்கள். நீ இடது கையால் வாங்கினாய். போட்டோவில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பூந்தமல்லி டாக்டர், கீழே விழுந்தீர்களா என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்றாய். எக்ஸ்ரேயில் எலும்பு சரியாக இருந்தது. உன்னைப் போல் சர்க்கரை இருப்பவர்களுக்குத் தோள் இறுகிப்போவது உண்டு என்று சொல்லிப் பயிற்சி எழுதிக் கொடுத்தார். நாம் சொன்னதை நம்பினார், அவர் மேல் என்ன தப்பு? ஏழு மாதம் சுவரில் விரல்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாய்.

அதன் பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி. சர்ஜன் உன் கையைப் பக்கவாட்டில் தூக்கி, அப்படியே வைத்திருங்கள் என்று விட்டார். கை தொப்பென்று விழுந்தது. தசைநார் அறுந்து, எலும்பை விட்டு உள்ளே இழுத்துக்கொண்டிருப்பது ஸ்கேனில் தெரிந்தது. தசையே கொழுப்பாக மாறத் தொடங்கியிருந்ததாம். சின்னத் துளைகள் போட்டு, எட்டிய வரை இழுத்து எலும்போடு தைத்தார். "அறுந்த புதுசுல வந்திருந்தா நல்லா தச்சிருக்கலாம்," என்றார். தையல் நிற்கவில்லை. உன் லேத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டு உன்னை வாசல் கேட்டில் காவலுக்கு உட்கார வைத்தார்கள்.

உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஒரு நாளாவது என்னைத் திட்டியிருக்கலாம். அந்தப் பேச்சை எடுத்தாலே "உட்றா, ஆனது ஆயிப்போச்சு" என்பாய். மாரடைப்பில் போகிற வரைக்கும் அதேதான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தேன். தங்கச்சி எனக்குக் காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "அவரு ஒழுங்கா எக்சர்சைஸ் பண்லண்ணே, அதான் கை போச்சு. நானும் அதச் சொல்லியே தெனம் திட்டிகினு கெடந்தேன்," என்று அழுதாள். நீ அவளிடம்கூடச் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் ஆமாம் என்று தலையாட்டினேன், மச்சான். காபியையும் குடித்தேன். நீ விழுந்தது தெரிந்தவன் இனி நான் ஒருவன்தான். பாரிவாக்கத்தில் உன் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டேன்.