பயனெட் உறையும் ஸ்ப்ரே கன்னும்

14, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். வியாழன் ஷிப்மெண்ட். செக்கிங் டேபிளில் எண்ணெய்க் கறை பட்ட பனியன் பீஸ் குவியல்.

மதியம் அயர்ன் செக்‌ஷன் ஆரோக்கியம் ஒரு மஞ்சப்பை கொடுத்தார். உள்ளே பயனெட் உறை, துப்பாக்கி முனையில் மாட்டும் கத்திக்கானது. கத்தி இல்லை. பழைய கத்தி, உறை பார்த்து எந்தக் காலத்தது என்று சொல்கிறவன் என்று கம்பெனி முழுக்க என் பேர். பெருமைதான். அவருடைய அப்புச்சி, அம்மாவின் அப்பா, பட்டாளத்தில் இருந்தவர்; அம்மா கைக்குழந்தையாக இருந்தபோது போனவர் திரும்பவில்லை. கடைசியாக லீவில் வந்தபோது விட்டுப்போனது என்கிறார் அம்மா. வெள்ளகோவில் சந்தையில் யாரோ வாங்கியது என்கிறார் மாமா.

"வெலையெல்லாம் வேண்டாங்க. எங்க அப்புச்சியோடதுதானான்னு மட்டும் சொல்லுங்க."

தோல் உறை. வாயிலும் நுனியிலும் இரும்பு. பின்பக்கம் தையல். வாய் இரும்பில் சிறு முத்திரை. போலி இல்லை. பெல்ட்டில் தொங்கவிடும் கேன்வாஸ் பட்டையும் அதே காலம். பட்டையோடு கிடைப்பது அபூர்வம், மதிப்பு கூடும்.

பட்டையின் உள்பக்கம் கருநீலத் திட்டு. சரக்கு வாங்கும் பையர் ஆபீஸிலிருந்து போன். பேசிக்கொண்டே கறை எடுக்கும் ஸ்ப்ரே கன்னை எடுத்து இரண்டு அழுத்து. சுத்தம்.

15, புதன்
வெயில். பட்டை காய்ந்துவிட்டது. சாய்த்துப் பார்த்தேன். திட்டு போன இடத்தில் இரண்டு எண்களின் வால், ஒரு எழுத்தின் வளைவு. மை. சிப்பாய் தன் நம்பரையும் பேரையும் எழுதுகிற இடமே அதுதான். எதையும் துடைக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். இருபது வருடம் கறை தேடிய கை. வெட்டிப் போட வேண்டும்.

போட்டோகூட எடுக்கவில்லை. பட்டாளத்திலிருந்து வந்த டைப் அடித்த தபாலில் அப்புச்சியின் நம்பர் இருக்கிறது என்று ஆரோக்கியம் நேற்றே சொன்னார். ஒத்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷ வேலை.

டீ நான்கு. அயர்ன் செக்‌ஷன் வழியை விட்டு மாடி சுற்றிப் போனேன், மூன்று தடவை. அப்புச்சியுடையதுதான் என்று சொல்லிவிடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்கிறாள் என் மனைவி சாந்தி. எனக்கும் ஆசையாக இருந்தது. அவளிடம் எரிந்து விழுந்தேன்.

16, வியாழன்
கன்டெய்னர் போய்விட்டது. பத்து மணி டீயில் ஆரோக்கியத்தைப் பிடித்தேன். தோல், தையல், முத்திரை என்று வளவளத்தேன். கடைசியில் பட்டை. எழுத்தை நானே அழித்துவிட்டதை உடைத்துச் சொல்லிவிட்டேன்.

திட்டுவார் என்று நின்றேன். பட்டையைத் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவினார்.

"அப்புச்சி கையெழுத்த எங்கம்மாகூடப் பாத்ததில்லீங்க. நீங்க ஒருத்தருதான் பாத்திருக்கீங்க. எப்படீங்க இருந்துச்சு?"

நான் படிக்கவே இல்லை.