பதினெட்டாம் கிலோவில் ஒரு தூண்

அக்கா,

இன்று காலை கூரியரில் ஒரு பொதி வந்தது. பிரித்ததும் புது அச்சு மையும் பசையும் கலந்த அந்த வாசனை எழுந்தது. என்னையும் அறியாமல் உங்கள் மேசைப் பக்கம் திரும்பினேன். இந்த வாசனைக்கு உங்களுக்கு அடுக்கடுக்காகத் தும்மல் வரும். தும்மிக்கொண்டே முதல் பக்கத்திலேயே ஒரு பிழையைப் பிடித்துவிடுவீர்கள். இப்போது அந்த மேசையில் புதிதாக வந்திருக்கும் விஞ்ஞான ஆசிரியை தன் சாப்பாட்டுப் பெட்டியை வைத்திருக்கிறார். பாவம், அவர்மேல் எனக்குக் காரணமில்லாத எரிச்சல்.

வந்தது, நாம் இருவரும் இரண்டாம் பதிப்புக்காகப் பிழை திருத்திய அந்தப் புள்ளிவிபரவியல் அறிமுக நூலின் புதிய பதிப்புக்கான அச்சுப் படி. மாதிரிகளைப் பற்றிய அத்தியாயத்தைத் திறந்தேன். நாம் தூக்கி எறிந்த அட்டவணை மறுபடியும் வந்து உட்கார்ந்திருந்தது. அதே தேயிலைத் தோட்டத்தின் பெயர், அதே டிவிஷன், பெண்கள் ஒருநாள் பறித்த கொழுந்தின் நிறை. பக்கத்தில் புதிய பதிப்பாசிரியர் ஒட்டிய துண்டுத்தாள்: "முதற்பதிப்பில் இருந்த இந்த உதாரணம் உயிரோட்டமாக இருப்பதால் மீண்டும் சேர்த்திருக்கிறோம். பிழை இருந்தால் நாளைக்குள் அறியத் தரவும்."

உயிரோட்டமாம்! யாருடைய உயிர் அதில் ஓடுகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

முதன்முதலில் அந்த அட்டவணையை நீங்கள் பார்த்த நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. கொட்டகலையில், நம் ஆசிரியர் கலாசாலையில், வழக்கம்போல மழை. ஆசிரியர் அறை யன்னலை மூடிவிட்டு, நீங்கள் அந்த எண்களை எடுத்து வலையுரு வரையமாக வரைந்தீர்கள். புத்தகம் அதை மணிவடிவப் பரம்பல் என்று சொல்லியிருந்தது. நீங்கள் வரைந்ததில் மணியுமில்லை, ஒன்றுமில்லை. பதினைந்து கிலோ, பதினாறு, பதினேழு எல்லாம் கிட்டத்தட்ட வெறுமை. பதினெட்டில் மட்டும் ஒரு தூண் நெட்டுக்குத்தாக நின்றது.

"பாரும், இதென்ன கூத்து?" என்றீர்கள். "பதினேழு கிலோ பறிக்கிற மனிசி ஒருத்தியும் அந்தத் தோட்டத்தில இல்லையோ?"

நான் என் குறிப்புகளைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டேன். அந்தத் தூணைக் கண்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. அங்கே பதினெட்டுக் கிலோவைத் தொட்டால்தான் முழுப்பேர். ஒரு கிலோ குறைந்தாலும் அரைப்பேர் விழும், அதாவது அரைநாள் சம்பளம். அதனால் நிறுக்கிற இடத்துக்குப் போகும் முன்பே, கூடப் பறித்தவள் தன் பையிலிருந்து இரண்டு பிடி அள்ளிக் குறைந்தவளின் பையில் போட்டுவிடுவாள். இன்று இவள் போட்டால் நாளை அவள். யாரும் அதைப் பேசுவதில்லை. பூண்டுலோயாப் பக்கம் இருக்கும் அந்த டிவிஷனில்தான் என் அண்ணி ராஜேஸ்வரி கொழுந்து பறித்தாள். கை மணிக்கட்டு வீங்கி, ஒரு வருடமாக அவளால் தனியாகப் பதினெட்டைத் தொட முடியவில்லை. அந்தத் தூணுக்குள் அவளும் இருந்தாள்.

நீங்கள் சும்மா விடுகிற ஆளா? சாயங்காலத்துக்குள் நீங்களே ஊகித்துவிட்டீர்கள். திருத்தக் குறிப்பும் தயார். "நிறுப்பதற்கு முன் கொழுந்து கைமாறியிருப்பதாகத் தெரிகிறது. எனவே இவ்வளவீடுகள் ஒன்றையொன்று சாராதவை அல்ல. இச்சூத்திரம் இங்கே செல்லாது." அழகான குறிப்பு, அக்கா. ஒரு சொல்கூடப் பிழையில்லை. தோட்டத்தின் பெயரோடு அது அச்சாகியிருந்தால், அடுத்த வாரமே ஒவ்வொரு பைக்கும் ஒரு காவல் நின்றிருக்கும்.

"இத எழுதாதீங்க அக்கா," என்றேன்.

"ஏன்? பிழையோ?"

"பிழை இல்லீங்க. சரியா இருக்கு. அதுதான் பயமா இருக்கு."

அண்ணியின் கையைப் பற்றிச் சொன்னேன். நீங்கள் பென்சிலைக் கீழே வைத்தீர்கள். ஆனால் உங்கள் முகம் இளகவில்லை. "பிழையெண்டால் பிழைதான். அதுக்குச் சொந்தக்காரர் இல்லை," என்று உங்கள் வழக்கமான பாட்டைப் பாடினீர்கள். "எங்கட பிள்ளையள் இந்தப் புத்தகத்தைப் படிச்சுப்போட்டு நாளைக்கு வகுப்பில நிண்டு படிப்பிக்கப் போகினம். பொய்யைப் படிப்பிக்கச் சொல்லுறீரோ?"

"பொய் சொல்லச் சொல்லல. எங்க அண்ணிய காட்டிக் குடுக்காதீங்கன்னுதான் சொல்றேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இத்தனை வருடமாகியும் இந்த மலையை நீங்கள் யன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள் என்று கத்திவிட்டேன். குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பி நின்று, "சனிக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போம். நான் பார்க்கவேணும்," என்றீர்கள்.

அந்தச் சனிக்கிழமை பஸ்ஸில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனோம். நான் செய்தது புத்தியா, மடத்தனமா என்றே எனக்குத் தெரியவில்லை. பிழை கண்டால் உடனே வாய் திறக்கிற மனுஷியை, வாயே திறக்கக்கூடாத இடத்துக்குக் கூட்டிப் போகிறேன்.

சாயங்காலக் கடைசி நிறுவை நேரம். ரோட்டோரம் தராசைத் தொங்கவிட்டிருந்தார்கள். பெண்கள் பையோடு மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். வளைவுக்கு மேலே அண்ணி நின்றாள். பக்கத்தில் நின்ற ஒருத்தி, முகத்தை வேறு பக்கம் திருப்பியபடியே, தன் பையிலிருந்து அள்ளி அண்ணியின் பையில் போட்டாள். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. நீங்கள் பார்த்தீர்கள். நீங்கள் பார்த்ததை அண்ணியும் பார்த்தாள். அவள் முகத்தில் இரத்தம் வற்றிப்போனது.

அந்த நேரம் பார்த்தா, சின்னத்துரை என்று தோட்டத்தில் அழைக்கும் உதவி மனேஜர் மோட்டார் சைக்கிளை நிறுத்த வேண்டும்? நாம் யார், எங்கே படிப்பிக்கிறோம் என்று விசாரித்தார். சிங்களம் கலந்த தமிழில் சிரித்துக்கொண்டே கேட்டார்: "நம்ம தோட்டத்துக் கணக்கு ஒரு புத்தகத்தில வந்திருக்கு தானே, மிஸ்? அதில ஏதும் பிழை இருக்கா?"

தராசுப் பக்கம் நின்ற எல்லோரும் உங்களையே பார்த்தார்கள். நீங்கள் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. சொல்லத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

"ஓம். பிழை இருக்கு," என்றீர்கள்.

அண்ணி பையை இறுக்கிப் பிடித்தாள்.

"பிழை புத்தகத்தில. உங்கட எண்களில பிழை இல்லை. அந்தச் சூத்திரத்தை இந்தக் கணக்குக்குப் போடக்கூடாது. எழுதினவர் யோசிக்காமல் போட்டுட்டார்."

"ஏன் போடக்கூடாது, மிஸ்?"

அவ்வளவுதான், அவர் மாட்டிக்கொண்டார். ஒரே மலையில் பறித்தவர்கள், ஒரே மழையில் நனைந்தவர்கள், ஒரே தராசில் நிறுத்தவர்கள் என்று நீங்கள் தொடங்கினீர்கள். நியம விலகல் வந்தது, வர்க்கமூலம் வந்தது, நம்பிக்கை ஆயிடை ஏன் இருக்கவேண்டியதைவிட ஒடுங்கிப்போகிறது என்பது வந்தது. ஒவ்வொன்றும் உண்மை. கைமாறிய கொழுந்து மட்டும் அதில் இல்லை. மனுஷன் முதலில் தலையாட்டினார், பிறகு கைத்தொலைபேசியைப் பார்த்தார், பிறகு அவசர வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார். அவர் தலை மறைந்ததும் யாரோ ஒருத்தி குபுக்கென்று சிரிக்க, எல்லோருமே சிரித்தார்கள். அண்ணி மட்டும் அழுதாள்.

திரும்பும்போது பஸ்ஸில் நீங்கள் கேட்டீர்கள்: "நான் இப்ப சொன்னது பொய்யோ?"

"ஒரு சொல்லும் பொய் இல்லீங்க அக்கா."

"சொல்லாமல் விட்டது?"

கொட்டகலைவரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தீர்கள்.

அட்டவணையை எடுத்துவிட்டு வேறொன்று போடுவது என்று முடிவாயிற்று. ரயில் பிந்தும் நிமிடங்களைப் போடலாம் என்றீர்கள். ஒரு ரயில் பிந்தினால் பின்னால் வருவதும் றொசல்லை ஸ்டேஷனில் நின்றுவிடும், அதுவும் ஒன்றையொன்று சார்ந்ததுதானே என்று நான் மடக்கினேன். அன்றுதான் நீங்கள் மறுபடி சிரித்தீர்கள். கடைசியில் கடைவீதிப் பாணை வாங்கி நிறுத்தோம். நிறை குறைவதை நாம் கண்டுவிட்டதால் பேக்கரிக்காரர் நம்மோடு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தப் பக்கத்தின் அடியில் நீங்கள் ஒரு வரி சேர்த்தீர்கள்: "ஓர் அளவு மற்றோர் அளவைத் தொடாதபோது மட்டுமே இச்சூத்திரம் செல்லும்." நான் வாசித்த பாடநூல் வரிகளில் என்னை அழவைத்தது அது ஒன்றுதான்.

பிறகு உங்களுக்கு நோய் வந்தது. கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் நாட்களில் நின்று படிப்பிக்க உங்களால் முடியவில்லை. லீவும் தீர்ந்துவிட்டது. உங்கள் பாடங்களை நாங்கள் பங்குபோட்டு எடுத்தோம். வியாழக்கிழமை மூன்றாம் பாடம் என்னுடையது. நீங்கள் வரவுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உங்கள் மேசையில் தலை சாய்த்திருப்பீர்கள். இது சரியா என்று நீங்கள் கேட்டுவிடுவீர்களோ என்று தினமும் பயந்தேன். நீங்கள் கேட்கவில்லை. ஒருநாள் நான் வகுப்பு முடித்து வந்தபோது, சோக்கு படிந்த என் கையைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னீர்கள்:

"என்ர பையில எத்தினை பிடி போட்டுட்டீர்? சின்னத்துரைக்குச் சொல்லிப்போடாதையும்."

நான் சிரித்தேன். கழிவறைக்குப் போய் அழுதேன்.

இன்று அந்தப் பதிப்பாசிரியரை நானே தொலைபேசியில் அழைத்தேன். இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார். "ஏன் டீச்சர், எண்கள் பொய்யா?" என்று நேராகவே கேட்டுவிட்டார். வளைவில் நின்ற அண்ணியின் முகம் எனக்குத் தெரிந்தது. அவள் இன்னும் அதே மலையில்தான் பறிக்கிறாள்.

"எண் எல்லாம் தராசுல நிறுத்ததுதாங்க. சூத்திரம்தான் பொருந்தாது. பழைய பாண் கணக்கையே போடுங்க," என்றேன். "கீழ ஒரு வரி இருக்கும். அத மட்டும் யாரும் தொடக்கூடாது."

அவர் சரி என்றார். சொல்லாமல் விட்டது பொய்யா என்று நீங்கள் பஸ்ஸில் கேட்டீர்களே, அதற்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை, அக்கா. அந்தக் கேள்வியை நான் இனித் தனியாகத்தான் சுமக்க வேண்டும்.

மணி அடிக்கிறது. இன்று வியாழன், மூன்றாம் பாடம். நீங்கள் கண்மூடிய பிறகு, நேரசூசியில் அதற்கு நேரே என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். வகுப்புக்குள் நுழையும்போது மட்டும், நான் இன்னும் உங்கள் பையில்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.