வற்றாத தொட்டி

கிள்ளான்,
27 ஏப்ரல் 2025

அன்புள்ள முகுந்தன்,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, பெட்டியிலிருந்து நீலக் காயோங்கை எடுத்துக் குளியலறை வாளியில் போட்டேன். "இங்கிலாந்துக்கு யாராச்சும் காயோங் தூக்கிட்டு வருவாங்களா?" என்று சிரித்தீர்கள். காயோங்கால் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றாவிட்டால் எனக்குக் குளித்த மாதிரியே இருப்பதில்லை. என்ன செய்வது?

வாசலிலேயே பக்கத்து வீட்டு சீதாலெட்சுமி அக்கா பிடித்துக்கொண்டார். "என்னலா அமுதா, வெள்ளக்காரி மாதிரி வருவேன்னு பார்த்தா இன்னும் கறுத்துப் போய் வந்து நிக்கிற?" என்றார். மோட்டார்ஹோம் வண்டியிலேயே சமைத்து அதிலேயே தூங்கினோம் என்றேன். "அட, லோரி டிரைவர் மாதிரியா? அதுக்கு எதுக்கு பிளேன் டிக்கெட்?" போனில் யார்க்‌ஷயர் ஆட்டுக்குட்டிகளைக் காட்டினேன். "இளங்கறி, நல்லா இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு அந்த ஐந்து நாட்களும் பிடித்திருந்தன. நீங்கள் மெதுவாக ஓட்டினீர்கள். மஞ்சள் பூக்கள் தெரிந்த இடத்திலெல்லாம் நிறுத்தினீர்கள். இரவு எட்டு மணிக்கும் வெயில் இருந்தது. நாம் சண்டை போடவே இல்லை.

ஆனால் எதற்காகப் போனோமோ அதைப் பேசவும் இல்லை. புருஷன் பெண்டாட்டியாகச் சேர்ந்து வாழ்வதா, நான்கு வருடமாக இருப்பது போல நீங்கள் அங்கே நான் இங்கே என்றே முடித்துக்கொள்வதா, பயணம் முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று இருவரும் ஒத்துக்கொண்டுதானே கிளம்பினோம்? கடைசியில் விமான நிலையத்தில் நின்று பெட்டியின் எடையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

ஒன்று கேட்க வேண்டும். போனில் கேட்டால் சண்டையாகிவிடும் என்று எழுதுகிறேன். தினமும் விடியற்காலையில் சத்தமில்லாமல் கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போனீர்கள். ஒரு நாள் ஜன்னல் வழியாக உங்கள் குரல் கேட்டது. யாரோடு பேசினீர்கள்? யாராவது இருந்தால் சொல்லிவிடுங்கள். தாங்கிக்கொள்வேன்.

அமுதவள்ளி


லீட்ஸ்,
3 மே 2025

அமுதா,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம் வந்தது. அப்புறம் சிரித்துவிட்டேன்.

யாரும் இல்லை. தண்ணீர் எடுக்கத்தான் போனேன். அந்த வண்டித் தொட்டியில் இருவர் சிக்கனமாகப் புழங்கினால் இரண்டு நாளைக்கு வரும். நீ காலையும் மாலையும் காயோங்கால் ஊற்றிக் குளித்ததில் ராத்திரிக்குள் காலியாகிவிடும். வாடகைக்குக் கொடுத்தவர் உடம்பு நனைந்ததும் ஷவரை நிறுத்தச் சொன்னார். அதை உன்னிடம் எப்படிச் சொல்வது? நீ குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு வந்து உட்கார்ந்து டீ குடித்தாய். நான்கு வருடம் கழித்து அதைப் பார்க்கிறேன். ராத்திரி வண்டியை நிறுத்திய பண்ணைகளில் வேலியோரத்துக் குழாய்க்கும் வண்டிக்கும் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். தோள் இன்னும் வலிக்கிறது.

நீ கேட்டது என் குரல்தான். பண்ணை நாய் ஒன்று கூடவே வந்தது. "பாஸ், கடிச்சிடாதலா, நான் வெறும் தண்ணிக்காரன்" என்று அதனிடம் கெஞ்சிக்கொண்டு வந்தேன்.

இன்னொரு விஷயம். திடீரென்று வாசலில் வந்து நிற்கலாம் என்றிருந்தேன். நீ இப்படிக் கேட்டுவிட்டதால் சொல்லிவிடுகிறேன். நீ விமானம் ஏறிய மறுநாளே வேலையை ராஜினாமா செய்துவிட்டேன். ஜூன் கடைசியில் கிள்ளானுக்கே வந்துவிடுவேன். இனிமேல் சேர்வதா பிரிவதா என்ற பேச்சே வேண்டாம். சந்தோஷம்தானே?

முகுந்தன்


கிள்ளான்,
11 மே 2025

அன்புள்ள முகுந்தன்,

தண்ணீர் சுமந்த பகுதியைப் பல தடவை படித்தேன். இருட்டில், அந்தக் குளிரில், நாயோடு பேசிக்கொண்டு. சந்தேகப்பட்டதற்கு மன்னித்துவிடுங்கள். இதுவரை யாரும் எனக்காக அப்படி எதையும் செய்ததில்லை. அது எனக்குத் தெரியும், மறக்க மாட்டேன்.

ஆனால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நானும் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு உங்களோடு நடந்திருப்பேன். ஈரத் துண்டால் உடம்பைத் துடைத்துக்கொண்டும் இருந்திருப்பேன். நான் உள்ளே படுத்துக்கொண்டு, நீங்கள் யாரோடு பேசுகிறீர்கள் என்று நினைத்து அழுதேன். தொட்டி மட்டும் நிறைந்தே இருந்தது.

நீங்கள் இங்கிலாந்து வேலைக்குக் கையெழுத்துப் போட்டதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்று ஞாபகம் இருக்கிறதா? யாரோ ஒருவர் கல்யாண வீட்டுப் பந்தியில் உங்கள் நண்பர் சபாபதி, "கங்கிராட்ஸ் சிஸ்டர், லண்டன் போறீங்களாமே!" என்றார். வாயில் சோற்றோடு சிரித்து வைத்தேன். லண்டனா லீட்ஸா என்றுகூட எனக்குத் தெரியாது. போகும்போது கேட்கவில்லை. இப்போது வரும்போதும் கேட்கவில்லை. நல்லதையும் கெட்டதையும் ஒரே மாதிரித்தான் செய்கிறீர்கள். செய்து முடித்துவிட்டு, சந்தோஷம்தானே என்கிறீர்கள்.

ஜூனில் வாருங்கள். இது உங்கள் வீடும்தான். சாவி சீதாலெட்சுமி அக்காவிடம் இருக்கும். நான் இங்கே இருக்க மாட்டேன். பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்திருக்கிறேன். மூன்றாவது மாடி, ஜன்னல் தெருவைப் பார்த்திருக்கிறது. சுபாங் ஜெயா கல்லூரி நூலக வேலைக்கு அங்கிருந்தும் ரயிலிலேயே போய்விடலாம். அடுத்த மாதம் முதல் தேதி குடி போகிறேன்.

கோபத்தில் போகவில்லை. நீங்கள் வாசலில் வந்து நின்றால் நான் கதவைத் திறந்துவிடுவேன். பிறகு வழக்கம்போல எல்லாம் நடந்துவிடும். இந்த முறை அப்படி ஆக வேண்டாம் என்று நினைக்கிறேன்.

வந்து இளைப்பாறுங்கள். காயோங்கை வாளியிலேயே விட்டுவிட்டுப் போகிறேன், ஆசை தீரக் குளியுங்கள். தோளுக்குத் தைலம் அலமாரி மேல்தட்டில் இருக்கிறது. அப்புறம் ஒரு நாள் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்து, "என்னோட இருக்கியா?" என்று கேளுங்கள். என்ன சொல்வேன் என்று எனக்கே இன்னும் தெரியாது. இருந்தாலும் கேளுங்கள்.

அறை பார்த்ததை அக்காவிடம் சொல்லவில்லை, நூலகத்திலும் சொல்லவில்லை. சபாபதிக்கும் தெரியாது. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

அமுதா