பாடப் போன இடத்தில்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன். போன வாரம் போனில் உன் நாத்தனாரைப் பற்றிச் சொன்னாய். பள்ளிப் படிப்பு முடிந்ததும் பல்கலைக்கழகத்தில் இசைதான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம், அங்கே எப்படி இருக்கும்னு உங்க அம்மாகிட்ட கேட்டுச் சொல்லுங்க அண்ணி என்றாளாம். நல்லா இருக்கும்னு சொல்லு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றிருந்தார், அவர் காதுபட எதைச் சொல்வது. வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் அந்த இசைத் துறைக் கட்டடத்துக்குள் மாணவியாக நுழைந்து ஒரு வருடம் முட்டி மோதிவிட்டு, ஒரு சின்னப் பெண்ணுக்கு நல்லா இருக்கும் என்று ஒரு வார்த்தையில் சொல்லி அனுப்பினால் அது நியாயமில்லை. அதனால் எழுதுகிறேன். எனக்கே பாதி புரியவில்லை, படித்துவிட்டு அவளிடம் எதைச் சொல்வது எதை விடுவது என்று நீயே பார்த்துக்கொள்.

நான் போனது பாடுவதற்குத்தான், அது உனக்குத் தெரியும். பஸ் நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து எந்த வண்டி எங்கிருந்து புறப்படும் என்று சொல்லியே என் குரல் முழுக்கச் செலவாகிவிட்டது, ஓய்வு பெற்ற பிறகாவது என் இஷ்டத்துக்குப் பாடப்போகிறேன் என்று உன்னிடம் புலம்பினேன், பெரியவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்களாம் என்று நீதான் விண்ணப்பம் போட்டுவிட்டாய். முதல் நாள் வாசலில் காவலாளி என்னைப் பார்த்ததுமே பெற்றோர் உட்கார்ற ரூம் அந்தப் பக்கம்மா என்று கை காட்டினார். இல்லைங்க நான்தான் படிக்க வந்திருக்கேன் என்று சொல்ல வாய் எழவில்லை, போய் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த ஒருவர் உங்களுக்குப் பையனா பொண்ணா என்று கேட்டார். பொண்ணுதான், கல்யாணமாகி வெளிநாட்டுல இருக்கா என்று உள்ளதைச் சொன்னேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். அப்படியே முதல் வகுப்பு போய்விட்டது. இதை இதுவரை உன்னிடம் சொல்லவில்லை, மாப்பிள்ளையிடம் சொல்லிச் சிரிக்காதே.

உன் நாத்தனாரிடம் முதலில் இதைச் சொல். அங்கே போனதும் பாடச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம், எழுதச் சொல்வார்கள். உங்களுக்கு நெருக்கமான ஒரு பாட்டைப் பற்றிக் கட்டுரை எழுதுங்கள் என்றார்கள். நான் சமையலறையில் எப்போதும் பாடுகிற பாட்டை எடுத்துக்கொண்டு, இதைக் கேட்டால் மனசு லேசாகும், நடுவில் ஓரிடத்தில் தொண்டையை அடைக்கும் என்று மனம்விட்டு எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் எதனால் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. மனசு லேசாகும், எதனால். தொண்டையை அடைக்கும், எதனால். அது தெரிந்திருந்தால் நான் ஏன் அங்கே வந்து உட்காரப்போகிறேன். ஆனாலும் விடவில்லை, ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டேன். அந்த இடத்தில் மெட்டு கீழே இறங்கப்போகிறது என்று காது தயாராக இருக்கும்போது அது இறங்காமல் அப்படியே அந்தரத்தில் நிற்கிறது, அதுதான் விஷயம். கண்டுபிடித்ததும் ஒரே சந்தோஷம். ஆனால் அதற்குப் பிறகு அந்த இடம் வந்தால் தொண்டை அடைப்பதில்லை, ஆமாம் இங்கேதான் என்று தலைதான் ஆடுகிறது. இது எனக்கு லாபமா நஷ்டமா என்று நீயே சொல். இன்னொரு வகுப்பில் பியானோவில் இரண்டு கட்டைகளை அமுக்கி இந்தச் சுரத்துக்கும் அந்தச் சுரத்துக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்பார்கள். ஆரம்பத்தில் எனக்குப் பாதி நாள் இரண்டும் ஒன்றாகவே கேட்கும். வீட்டிலாவது பழகலாம் என்று மிக்ஸி, பிரிட்ஜ் என்று ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று கேட்க ஆரம்பித்தேன். அப்பாவுக்குக் கோபம், பெல் அடிச்சா போய்க் கதவைத் திற, அது என்ன சுரம்னு நின்னுக்கிட்டு இருக்காதே என்கிறார்.

என்னோடு டிரம்ஸ் வாசிக்கிற பெண் ஒருத்தி படிக்கிறாள், குச்சிகள் இரண்டையும் கொண்டையில் செருகிக்கொண்டுதான் வகுப்புக்கே வருவாள். பயிற்சி அறை ஒவ்வொன்றும் நம் வீட்டுக் குளியலறை அளவுதான் இருக்கும், காலியாவதற்காக நானும் அவளும் வெளியே காத்து நிற்போம், அப்படித்தான் பழக்கம். எல்லோருக்கும் புரிகிறது எனக்கு மட்டும்தான் மண்டையில் ஏறவில்லை என்று ஒரு நாள் அவளிடம் சொன்னேன். எனக்கும் ஒண்ணும் புரியல ஆன்ட்டி, புரிஞ்ச மாதிரி மூஞ்சிய வெச்சுக்கறேன், நீங்களும் பழகிக்கோங்க என்றாள். அன்றைக்குத்தான் எனக்கு மூச்சே வந்தது. உன் நாத்தனாருக்கும் அப்படி ஒருத்தி கிடைக்க வேண்டும்.

வருடக் கடைசியில் பாட்டுத் தேர்வு வந்தது. மூன்று ஆசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சுருதி விலகவில்லை, தாளம் தப்பவில்லை, எல்லாம் ஒழுங்காகப் பாடி முடித்தேன். நடுவில் இருந்தவர் பேனாவை மூடிக்கொண்டே, சுத்தமா இருக்கும்மா, ஆனா எல்லா வரியும் ஒரே மாதிரி கிளம்புது, பஸ் கிளம்பற மாதிரி என்றார். என் பழைய வேலை என்னவென்று அவருக்குத் தெரியாது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவர்களும் சிரித்தார்கள். வெளியே வந்த பிறகு சிரிப்பு நின்று அழுகை வந்தது, முகத்தைக் கழுவிக்கொண்டு அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன். தேறிவிட்டேன் என்று உனக்கு அன்று போனில் சொன்னது உண்மைதான், மீதியைத்தான் சொல்லவில்லை.

இப்போது குழப்பமான விஷயத்துக்கு வருகிறேன். முதல் வருடம் எல்லோரும், டிரம்ஸ்காரியாகவே இருந்தாலும், சேர்ந்து பாடும் குழுவில் கட்டாயம் நிற்க வேண்டும். அதை நடத்துகிற மேடம் தேர்வு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, அடுத்த வருஷம் நீங்க என்கிட்ட வந்துடுங்க, குழுவுக்கு முன்னால நின்னு நடத்தக் கத்துத் தரேன், நீங்க பாடறதை விட மத்தவங்க குரலைக் கேக்கறது நல்லா இருக்கு என்றார்கள். இது பாராட்டா, திட்டா. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். தன் மூக்குக் கண்ணாடிக் கடையில் யாருக்கு எந்தப் பவர் பொருந்தும் என்று அளந்து அளந்து அவர் பேச்சும் அப்படியே ஆகிவிட்டது. பாட வராதுன்னு மரியாதையாச் சொல்றாங்க, அவ்வளவுதான் என்றார். சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்கு என்ன தெரியும், நான் கடைக்காரன் என்று இழுத்தார். இரண்டு நாள் எதிலும் மனசு ஒட்டவில்லை. பிறகு மேடத்திடமே போய், என்மேல பாவப்பட்டுக் கூப்பிடறீங்களா என்று கேட்டுவிட்டேன். பாவப்பட்டு ஒருத்தரை அங்க நிறுத்தினா முதல்ல வலிக்கப்போறது என் காதுதான், ஒரு நாள் நின்னு பாருங்க, அப்புறம் சொல்லுங்க என்றார்கள்.

நின்றேன். எதிரே மூன்று வரிசையாக என்னோடு படிக்கிற பிள்ளைகள். மேடம் சொன்னபடி கையைத் தூக்கினேன். எல்லோரும் மூச்சை இழுத்துக்கொண்டு என் கையையே பார்க்கிறார்கள். அத்தனை பேர் மூச்சும் என் கையில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்ததும் எனக்குக் கையை இறக்க மறந்துவிட்டது. கடைசி வரிசையில் டிரம்ஸ்காரி கன்னத்தை உப்பிக்கொண்டு கண்ணால் கெஞ்சினாள், ஒருவழியாக இறக்கினேன். அத்தனை குரலும் சேர்ந்து முகத்தில் வந்து மோதியது பார், குழுவுக்குள் நின்று பாடும்போது அது தெரியவே தெரியாது. நானும் பழக்கத்தில் கூடச் சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டேன். மேடம் என் தோளைத் தொட்டு, நீங்க பாடினா அவங்க குரல் உங்களுக்குக் கேக்காது என்றார்கள். வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது சுலபமாக இல்லை, நான் பாடத்தான் அங்கே போனேன். ஆனால் மூடியதும் ஒவ்வொரு குரலும் தனித்தனியாகக் கேட்டது. இரண்டாவது வரிசையில் ஒருத்தி வரி முடிவதற்கு முன்பே மூச்சு போதாமல் சரிந்துகொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக் கையை லேசாக மேலே எடுத்தேன், அவள் பக்கத்துக் குரலைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டாள். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, கையை எடுத்தேன், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தபோது எனக்குக் குரல் கம்மியிருந்தது. அப்பா வெந்நீர் வைத்துக் கொடுத்து, ரொம்பப் பாடினியா என்றார். ஒரு வரிகூட முழுசாப் பாடல என்றேன். அப்புறம் ஏன் தொண்டை கட்டியிருக்கு என்றார். தெரியல என்றேன். அவர் டம்ளரை வாங்கி மறுபடியும் நிரப்பிக் கொடுத்தார். மறுநாள் போய் மேடத்திடம் சரி என்று சொல்லிவிட்டேன். சந்தோஷமா என்று கேட்காதே, எனக்கே தெரியாது. சமையலறையில் பாடுவதை நிறுத்தவில்லை, ஆனால் அடுப்படியில் நிற்கும்போதும் எதிரே மூன்று வரிசை நிற்கிற மாதிரியே இருக்கிறது, கரண்டியோடு கை தானாக எழும்புகிறது. உன் நாத்தனாரிடம் போக வேண்டாம் என்று சொல்லாதே, அதே சமயம் போனால் நினைத்தபடி பாடகி ஆகிவிடுவாய் என்றும் சொல்லாதே. எதற்காகப் போகிறாளோ அதைக் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டு வேறொன்றைக் கொடுப்பார்கள், கொடுத்தது என்னவென்று புரிய நாளாகும் என்று சொல். பயந்துவிடுவாள் என்றால் அதையும் விட்டுவிடு. எனக்கு போன் பண்ணச் சொல், அப்பா கடைக்குப் போன பிறகு பேசுகிறேன்.

உன் முதுகு வலிக்கு டாக்டரைப் பார்த்தாயா என்று எழுது, நாற்காலியை மாற்றினேன் என்று சமாளிக்காதே. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசியைச் சொல். நீங்கள் இருவரும் நினைத்தது நடக்கட்டும், நினைக்காத நல்லதும் சேர்ந்து நடக்கட்டும்.

என்றும் உன் நினைவாக,
இரண்டாம் ஆண்டு போகும்
உன் அம்மா