ஓட்டுக்கும் சதைக்கும் நடுவே

நவம்பர் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை. சாம்பிள் செக்‌ஷனில் எட்டு பீஸுக்குக் காலர் கோணல், எல்லாம் பிரித்துத் தைத்தேன். கோபத்தில் ஊசி வேறு ஒடிந்தது.

எங்கள் பனியன் கம்பெனிக்குப் புதுச் சாமான் வந்திருக்கிறது. துணி ரோல் தூக்குகிறவர்கள் சட்டைக்கு மேலே மாட்டிக்கொள்ளும் எலும்புக்கூடு. முதுகில் கறுப்புச் சட்டம், இடுப்பில் பெல்ட், தொடைக்கு இரண்டு தகடு. குனிந்து தூக்கினால் பாரம் முதுகுக்கு வராதாம், தொடைக்குப் போய்விடுமாம். ஒரு வாரம் ட்ரையல். குடோனில் மூத்தவர் என்று என் வீட்டுக்காரருக்கே மாட்டிவிட்டார்கள்.

மேனேஜர் வந்து, "சூசையண்ணா, நீங்க போட்டுப் பார்த்துச் சொல்லுங்க. செட் ஆச்சுன்னா எல்லாத்துக்கும் வாங்கிடலாமுங்க" என்றார்.

இரண்டு வருடமாக இவருக்கு முதுகு சரியில்லை. பாரம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னது கம்பெனிக்குத் தெரியாது. தெரிந்தால் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயம். என்னிடமும் "ஒண்ணுமில்லட்டி" தான். மாதாவே, இந்தச் சாமானாவது இவரைக் காப்பாற்றட்டும்.

நவம்பர் 5, புதன்

இடுப்பின் இரண்டு பக்கமும் சிவந்து தடித்திருக்கிறது. பெல்ட் அவ்வளவு கெட்டி. பார்க்கப் பொறுக்கவில்லை. மேனேஜரிடம் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பெல்ட்டுக்கு உள்பக்கம் ஸ்பாஞ்ச், அதன்மேல் பனியன் கழுத்துக்கு வைக்கும் ரிப் துணி நாலு மடிப்பு. ஸ்ட்ராப் தையலைப் பிரித்து நடுவில் எலாஸ்டிக் வைத்தேன். இருபத்திரண்டு வருடமாக ஊர் பேர் தெரியாதவர்கள் உடம்புக்கு இழுத்தால் வரும் துணி தைக்கிறேன். கட்டினவருக்கு ஒன்று தைக்க மாட்டேனா?

வாங்க: பால், கொசுவர்த்தி, மகளுக்கு ரீசார்ஜ்.

நவம்பர் 7, வெள்ளி

"உறுத்துதா?"

"இல்லட்டி. சொகமா இருக்கு."

எனக்கு ஒரே பெருமை. பக்கத்து மெஷின் அக்காவிடமும் சொல்லிக்கொண்டேன்.

இவரை முதலில் பார்த்த நாள் ஞாபகம் வந்தது. வேலம்பாளையத்துப் பழைய கம்பெனி. தோளுக்கு ஒன்றாக இரண்டு ரோல், வாயில் விசில். எங்கள் கடற்கரைப் பக்கத்து ஆள் என்று பேச்சிலேயே தெரிந்துவிட்டது. வேண்டுமென்றே வழியில் நின்றேன். "ஏட்டி, தள்ளு" என்றார். தள்ளவில்லை. அந்த விசிலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

நவம்பர் 9, ஞாயிறு

பூசை முடிந்து நண்டு வாங்கினோம். கல்யாணமான புதிதில் ஞாயிறு என்றால் நண்டுதான். ஒற்றை ரூம், ஒரே தட்டு. நண்டுக் காலை எல்லாம் இவர் பல்லால் உடைத்துச் சதையை என் பக்கம் தள்ளுவார். தனக்கு வெறும் ஓடு. அந்த ரூமுக்கு ஜன்னல்கூடக் கிடையாது, ஆனாலும் அதை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது.

இன்று ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கம்பெனி வேலைக்கு வருமுன் ஊரில் நண்டு வலை போட்டவர், நண்டு என்றால் பேச்சு நிற்காது.

"நம்மளுக்கு எலும்பு உள்ள, இதுக்கு வெளிய. சதை ஓட்டைக் கெட்டியாப் புடிச்சிருக்கு பாரு. நடுவுல துளி இடம் இருந்தாலும் இதால ஒரு அடி நகர முடியாது."

"சரி, புளியைக் கரைங்க" என்றேன். ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி முகத்தைப் பார்த்துவிட்டுப் புளியைக் கரைத்தார். சாப்பிட்டதும் படுத்தவர் சாயங்காலம் வரை எழவில்லை. சளி பிடித்திருக்கும் என்று ரசம் வைத்தேன்.

நவம்பர் 10, திங்கள்

கோயம்புத்தூரிலிருந்து அந்தச் சாமான் செய்தவர்களின் இன்ஜினியர் வந்தார். பெல்ட்டைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"ஏனுங்க, யாரு இதுல எலாஸ்டிக் வச்சது? இறுக்கமா உடம்போட இருந்தாத்தானுங்க பாரம் தொடைக்குப் போகும். இப்ப எல்லாப் பாரமும் அண்ணன் முதுகுலதானுங்க. போதாததுக்கு இந்தச் சட்டத்தையும் சேர்த்துச் சுமந்திருக்காரு."

மேனேஜருக்குச் சிரிப்பு. "பனியன்காரங்க புத்திங்க. எதையும் ஸ்ட்ரெச் பண்ணிருவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். இவரும். நான் பாத்ரூமுக்குப் போய்விட்டேன்.

வியாழன், வெள்ளி, சனி. மூன்று நாள். பஸ்ஸில் கேட்டேன், தெரியவில்லையா என்று.

"மொத ரோல்லயே தெரிஞ்சிட்டு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீ தச்சதுல்லா."

அதற்குப் பிறகு வீடு வரும்வரை ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நேற்று நண்டை வைத்துச் சொல்லப் பார்த்திருக்கிறார், புளியைக் கரைக்கச் சொல்லியிருக்கிறேன். பாவி நான்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை இல்லை. எழுந்ததும், நேற்று கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்த சாமானில் எலாஸ்டிக், ஸ்பாஞ்ச், ரிப் எல்லாம் பிரித்து ஸ்ட்ராப்பைப் பழையபடி தைத்தேன். ஹாலில் நிற்கவைத்து நானே மாட்டினேன். இன்ஜினியர் காட்டிய அளவுக்கு இறுக்கினேன். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வலிச்சா வாயத் தொறந்து சொல்லணும்" என்றேன்.

இன்னொரு துளை இறுக்கினேன். இவர் கை சுவரைப் பிடித்தது.

"வலிக்கிட்டி" என்றார். பிறகு, "பெல்ட் இல்ல. உள்ள. ரெண்டு வருசமா."

கழற்றினேன். முதுகில் கை வைத்தேன், இவர் விலகவில்லை. மேனேஜருக்கு போன் போட்டேன். டாக்டர் சொன்னதையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். இவர் தடுக்கவில்லை.